பல்லைப் பிடுங்கும் முன்



பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்ததும் நம்மவர்களில் பலர் சொல்லும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "பிடுங்கிடுங்க டாக்டர்!" என்பதுதான். மூன்று நாளாகத் தூக்கமில்லை. நாளைக்குக் காலையில் வேலைக்குப் போயாக வேண்டும். பிடுங்கிவிட்டால் இன்றோடு தொல்லை விட்டது என்று நினைக்கிறோம். மருத்துவரும் மனிதர்தானே! வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். நோயாளியே பிடுங்கச் சொல்லும்போது அவர் எவ்வளவு நேரம்தான் வாதாடுவார்? பத்து நிமிடத்தில் பல் கிண்ணத்தில் விழுகிறது. அந்தப் பல்லைக் காப்பாற்ற வழி இருந்ததா என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

நான் மருத்துவன் அல்லன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஆனால் "வாத்தியாரே, எனக்கு மலாய் சரியா வராது, கொஞ்சம் கூட வாங்க" என்று கூப்பிடுபவர்களோடு பல முறை பல் மருத்துவகத்துக்குப் போய்வந்திருக்கிறேன். அப்படிப் போனதில் கற்றதையும், மருத்துவர்கள் பொறுமையாக விளக்கியதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வேர்ச்சிகிச்சைக்காக முதன்முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அங்கே என்ன நடக்கும், நாம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதே இந்த மாதச் செய்தி.

பல்லுக்குள்ளே ஒரு உயிர்

வெளியே தெரியும் பல் கல்லைப் போல இருக்கிறது. மேலே இருக்கும் வெள்ளை ஓடு நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு உள்ளே சற்று மென்மையான இன்னொரு அடுக்கு. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில், ஒரு சிறு அறை. அந்த அறையில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட மென்மையான சதை இருக்கிறது. இதைப் பற்கூழ் என்பார்கள். அறையிலிருந்து மெல்லிய குழாய்கள் வேரின் நுனி வரை இறங்குகின்றன. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழாய். கடைவாய்ப்பல்லுக்கு மூன்று அல்லது நான்கு கூட இருக்கும்.

சொத்தை விழுவது எப்படி? 'பூச்சிப்பல்' என்று நாம் சொன்னாலும் பூச்சி எதுவும் அங்கே இல்லை. வாயிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், நாம் சாப்பிடும் இனிப்பையும் மாவுப்பண்டத்தையும் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் ஓட்டை அரிக்கிறது. பால் டின் கலந்த தேநீரை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. புகை போட்டுப் புழுவை எடுத்துக் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். பல்லில் புழு இருந்தால்தானே எடுப்பதற்கு!

அரிப்பு பற்கூழை எட்டினால் கூழ் வீங்குகிறது. கையில் அடிபட்டால் சதை வெளிப்பக்கம் வீங்க இடம் உண்டு. பல்லுக்குள்ளே சுற்றிலும் கல்மதில். வீங்க இடமில்லை, அழுத்தம் ஏறுகிறது, உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. இந்த நிலையைத் தாண்டினால் கூழ் செத்துவிடும். செத்த கூழும் கிருமியும் வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். சொத்தையால் மட்டும் அல்ல. கீழே விழுந்து அடிபட்ட பல், விரிசல் கண்ட பல் ஆகியவற்றுக்கும் இந்தக் கதி நேரலாம்.

வேர்ச்சிகிச்சை என்பது, கெட்டுப்போன கூழை எடுத்து, குழாய்களைச் சுத்தம் செய்து, அடைத்து, பல்லை அதன் இடத்திலேயே நிறுத்திவைப்பது. வேரைப் பிடுங்குவது என்று பெயரைக் கேட்டுப் பயப்படுபவர்கள் உண்டு. பெயர்தான் அப்படி, வேர் எங்கும் போவதில்லை. மலாயில் இதை 'ராவாத்தான் ஆகார்' என்பார்கள். பிடுங்குவதற்கு 'சாபுட்'. இந்த இரண்டு சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலியைச் சொல்லத் தெரிய வேண்டும்

முதல் சந்திப்பில் பாதி வேலை நம்முடைய வாய்ச்சொல்லில்தான் இருக்கிறது. "எப்படி வலிக்கிறது?" என்று மருத்துவர் கேட்பார். "சாக்கிட், டாக்டர், சாக்கிட்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன புரியும்? தமிழில் நமக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன! கூசுகிறது, குடைகிறது, தெறிக்கிறது, கடுக்கிறது என்று விதவிதமாகச் சொல்கிறோம். ஒவ்வொன்றும் பல்லின் வேறு வேறு நிலையைக் காட்டக்கூடியது.

குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று கூசி, சில விநாடியில் போய்விடுகிறதா? கூழ் எரிச்சல் கண்டிருக்கிறது, ஆனாலும் தேறக்கூடும். சாதாரண அடைப்பே போதுமானதாக இருக்கலாம். மலாயில் இந்தக் கூச்சத்துக்கு 'ஙிலு' என்று பெயர்.

குளிரோ சூடோ பட்டு, அதை எடுத்த பிறகும் வலி நிமிடக் கணக்கில் நிற்கிறதா? ஒன்றுமே படாமல் தானாகத் தொடங்குகிறதா? இரவில் படுத்தால் விண்விண் என்று தெறித்து, எழுந்து உட்கார வைக்கிறதா? இது கூழ் தேற முடியாத நிலைக்குப் போய்விட்டதற்கான அடையாளம். விண்விண் என்று தெறிப்பதை மலாயில் 'பெர்டெஞூட்' என்று சொல்லலாம்.

கடித்தால் மட்டும் வலிக்கிறதா? அந்தப் பல் மற்றப் பற்களைவிட உயர்ந்துவிட்டது போலத் தோன்றுகிறதா? வேரைச் சுற்றியுள்ள இடத்தில் தொல்லை இருக்கலாம். விரிசலாகவும் இருக்கலாம்.

ஈறில் சிறு கொப்புளம் வந்து, உடைந்து, வாயில் உப்பு கரித்துவிட்டு, மறுபடியும் வருகிறதா? அது சீழ் வெளியேறும் வழி. வலிக்காவிட்டாலும் கட்டாயம் சொல்லுங்கள். வீக்கம் 'பெங்காக்', சீழ் 'நானா'.

இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வாரம் துடிக்க வைத்த வலி ஒரு நாள் தானாக நின்றுவிடும். "ஆண்டவன் புண்ணியத்திலே சரியாப் போச்சு" என்று கிளினிக்கில் வாங்கிய தேதியை விட்டுவிடுவார்கள். பல நேரங்களில் நடந்திருப்பது என்ன? கூழ் செத்திருக்கும். செத்த நரம்புக்கு வலி தெரியாது. ஆனால் கிருமி உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சில மாதங்கள் கழித்துக் கன்னம் வீங்கி வரும்போதுதான் தெரியும். ஆகவே வலி நின்றாலும் தேதியை விடாதீர்கள். "இரண்டு வாரம் முன்பு கடுமையாக வலித்தது, பிறகு தானாக நின்றுவிட்டது" என்று சொல்லுங்கள்.

புறப்படுவதற்கு முன்

எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பல்லில் முன்பு அடைப்பு வைத்ததுண்டா, அடிபட்டதுண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் மலாயில் எழுதித் தரச் சொல்லலாம்.

நீங்கள் சாப்பிடும் மருந்துகளைப் பையோடு எடுத்துப் போங்கள். "வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை ஒன்று" என்றால் யாருக்கும் விளங்காது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய வால்வு கோளாறு, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "பல்லுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். சில வால்வு நோயாளிகளுக்குப் பல் சிகிச்சைக்கு முன்பே மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். எலும்பு ஊசி போடுபவர்களுக்குப் பல் பிடுங்கிய புண் ஆறாமல் போவதுண்டு; அவர்களுக்குப் பல்லைக் காப்பாற்றுவதே மேலாக இருக்கலாம். இரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகவும் கூடாது.

நீரிழிவு உள்ளவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். பட்டினியாகப் போய் நாற்காலியில் மயங்கி விழுவது யாருக்கும் நல்லதல்ல.

வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். மாத்திரை வலியை மறைத்துவிட்டால் சோதனையில் பல் உண்மையைச் சொல்லாது.

கிராம்பு எண்ணெய் சற்று மரத்துப்போகச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அது குணப்படுத்தாது. பூண்டை நசுக்கி வைப்பது, வலி மாத்திரையைப் பல்லுக்குப் பக்கத்தில் அடக்கிக்கொள்வது, புகையிலையை வைப்பது எல்லாம் ஈறையும் கன்னத்தையும் புண்ணாக்கும். பல்வலியோடு வாய்ப்புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

நாற்காலியில் என்ன நடக்கும்?

ஊசி போடுவார்களோ என்ற பயம்தான் பலரை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. சோதனை செய்யும் நேரத்தில் பெரும்பாலும் ஊசி கிடையாது. பல்லுக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுதானே சோதனை? மரத்துப்போகச் செய்துவிட்டால் எதைப் பார்ப்பது?

முதலில் கன்னம், தாடை, கழுத்து ஆகியவற்றைத் தொட்டு வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு சிறு கண்ணாடியை வைத்து வாய் முழுவதையும் பார்ப்பார். கண்ணாடியின் காம்பால் பற்களை மெதுவாகத் தட்டுவார். நீங்கள் காட்டிய பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லை முதலில் தட்டினால், "இவருக்கு எந்தப் பல் என்றே தெரியவில்லையே!" என்று எண்ண வேண்டாம். நல்ல பல் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கெட்ட பல்லை அதோடு ஒப்பிட முடியும். அதோடு, பல்வலி இடம் மாறிக் காட்டும். கீழ்ப்பல் கெட்டிருக்க மேல்பல் வலிப்பது போலத் தோன்றும். காது கூட வலிக்கும். மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் சளி கட்டினாலும் மேல் கடைவாய்ப்பற்கள் வலிக்கலாம். வலிக்கிறது என்று நாம் காட்டிய நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டால் அது திரும்பி வருமா?

ஈறை விரலால் அழுத்திப் பார்ப்பார். அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு ஆழம் அளப்பார். பல் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்ப்பார். ஒரு குச்சியையோ பஞ்சையோ வைத்துக் கடிக்கச் சொல்வார். விரிசல் இருந்தால் இதில் தெரிய வரும்.

அடுத்தது குளிர்ச்சோதனை. சிறு பஞ்சில் மிகக் குளிர்ந்த மருந்தைத் தெளித்துப் பல்லில் வைப்பார். "தெரிந்ததும் கையைத் தூக்குங்கள், உணர்ச்சி போனதும் கையை இறக்குங்கள்" என்பார். இங்கேதான் நம்மவர்கள் வீரம் காட்டுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்கள். ஐயா, அம்மா, இங்கே பொறுமைக்குப் பரிசு கிடையாது! உடனே தெரிந்து உடனே போனால் கூழ் நலம். வெகுநேரம் நின்றால் கூழுக்கு நோய். ஒன்றுமே தெரியாவிட்டால் கூழ் செத்திருக்கலாம். நீங்கள் கையை ஏற்றி இறக்குவதை வைத்துத்தான் அவர் முடிவுக்கு வருகிறார். சில இடங்களில் மிகச் சிறிய மின்சாரத்தைக் கொண்டும் சோதிப்பார்கள். ஒரு குறுகுறுப்புத்தான் தெரியும். இருதயத்தில் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிறகு எக்ஸ்ரே. வாய்க்குள் ஒரு சிறு தகட்டை வைத்து எடுப்பார்கள். குமட்டினால் மூக்கால் மெதுவாக மூச்சுவிடுங்கள். இதில் படும் கதிரின் அளவு மிகக் குறைவு. கர்ப்பிணிகள் அவசியம் சொல்ல வேண்டும். அவசர தேவை என்றால் தகுந்த கவனத்தோடு எடுப்பார்கள். படத்தில் வேரின் நுனியைச் சுற்றிக் கறுப்பாக நிழல் தெரிந்தால் அங்கே எலும்பு கரைந்திருக்கிறது என்று பொருள். நோய் தொடங்கிய உடனே இந்த நிழல் தெரியாது; நாளாகும். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்பதாலேயே பல் நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அதனால்தான் படத்தோடு மற்றச் சோதனைகளும் வேண்டியிருக்கின்றன.

மூன்று தீர்ப்புகள்

இவ்வளவும் பார்த்த பிறகு மருத்துவர் சொல்லக்கூடியது பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, கூழ் தேறிவிடும். அடைப்பு போதும் என்பது. மகிழ்ச்சியாக வீடு திரும்பலாம்.

இரண்டாவது, கூழ் தேறாது; ஆனால் பல் நிற்கும் என்பது. இதற்குத்தான் வேர்ச்சிகிச்சை. கடுமையான வலியோடு போயிருந்தால் அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்து, தற்காலிக அடைப்பு வைத்து அனுப்பலாம். இல்லாவிட்டால் வேறு நாள் கொடுப்பார்கள்.

மூன்றாவது, பல்லைக் காப்பாற்ற முடியாது என்பது. வேர் நெடுக்காகப் பிளந்துவிட்டாலோ, அடைப்பு நிற்கக்கூட இடமில்லாமல் பல் அரித்துப் போயிருந்தாலோ, ஈறு நோயால் எலும்பு கரைந்து பல் ஆடிக்கொண்டிருந்தாலோ பிடுங்குவதே சரி. அப்போது தயங்க வேண்டாம். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பாட்டிமார்கள் சொல்வதில் உண்மை கிடையாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு.

"ஊசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை இரத்தத்தின் வழியாகப் போகிறது. செத்த கூழுக்கு இரத்த ஓட்டமே இல்லை. பிறகு மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்? காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் மருத்துவரே தருவார். அடுத்த வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சிகிச்சையில் நம் மண்ணின் மரம்

சிகிச்சை எப்படி நடக்கும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் தாளை விரிப்பார்கள். எச்சில் உள்ளே போகாமலும், மருந்தும் கருவியும் தொண்டைக்குள் போகாமலும் இது காக்கிறது. 1864-இல் ஓர் அமெரிக்கப் பல் மருத்துவர் கொண்டுவந்த முறை இது. ரப்பர் ஒவ்வாதவர்கள் முன்பே சொன்னால் வேறு வகைத் தாள் போடுவார்கள். கையுறைக்கும் இது பொருந்தும்.

பல்லில் சிறு துளை போட்டு, மெல்லிய கம்பி அரங்களால் குழாய்களைத் துப்புரவு செய்து, கிருமி கொல்லும் நீரால் கழுவுவார்கள். ஒரே தடவையில் முடிவதும் உண்டு. இரண்டு மூன்று தடவை போக வேண்டியதும் உண்டு. முடிவில் குழாய்களை ஒரு பொருளால் அடைப்பார்கள். அது என்ன பொருள் தெரியுமா? கெத்தா பெர்ச்சா! இந்த மலாய் மண்ணின் காட்டு மரமான தாபான் மரத்தின் பால். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மொண்ட்கோமரி என்பவர் 1843-இல் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு இதையே உறையாகப் போட்டார்கள். கம்பிகளுக்கு வேறு பொருள்கள் வந்துவிட்டன. பல்லின் வேரை அடைப்பதற்கு இன்றும் இதுவே பெருவழக்கு. பால்மரம் வெட்டிய குடும்பங்களில் பிறந்த நமக்கு, மரத்துப்பால் பல்லைக் காக்கிறது என்பது அந்நியமான செய்தியா என்ன?

எல்லாம் முடிந்த பிறகு கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மேலே ஒரு தொப்பி போட வேண்டும் என்பார்கள். அதைத் தள்ளிப்போட்டால் கடிக்கும் வேகத்தில் பல் பிளந்துபோகும். சிகிச்சைக்குச் செலவழித்த பணமெல்லாம் அதோடு போய்விடும்.

வாய் திறந்து கேளுங்கள்

பெரிய படிப்புப் படித்தவரிடம் கேள்வி கேட்பதா என்று கூச்சப்பட வேண்டாம். கீழ்க்கண்டவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது?
2. எத்தனை தடவை வர வேண்டும்?
3. எக்ஸ்ரே, அடைப்பு, தொப்பி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்? தவணையில் கட்டலாமா?
4. நீங்களே செய்வீர்களா, நிபுணரிடம் அனுப்புவீர்களா?
5. பிடுங்கினால் அந்த இடத்தில் என்ன வைக்க வேண்டும்? அதற்கு என்ன செலவு?
6. அடுத்த தேதி வரை நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

செலவைப் பற்றி ஒளிக்காமல் பேசுவோம். தனியார் கிளினிக்கில் வேர்ச்சிகிச்சைக்குச் சில நூறு வெள்ளி முதல் ஆயிரம் வெள்ளிக்கு மேலும் ஆகலாம். முன்பல்லுக்குக் குறைவு, குழாய்கள் அதிகமுள்ள கடைவாய்ப்பல்லுக்குக் கூடுதல். தோட்டத்துச் சம்பளத்தில் இது பெரிய தொகைதான். அரசாங்கப் பல் மருத்துவகத்தில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் சிக்கலான கடைவாய்ப்பல்லை நிபுணரிடம் அனுப்புவார்கள், காத்திருக்கும் காலம் நீளலாம். காத்திருக்கும்போது தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டால் உடனே போய் மறுபடி வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வாசகர்கள் தங்கள் சாஸ் அட்டைக்கு வேர்ச்சிகிச்சை உதவித்தொகை எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம்.

பிடுங்குவது மலிவு என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கையும் முழுமையாகப் போட்டுப் பாருங்கள். ஓரிடம் காலியானால் பக்கத்துப் பல் அந்தப் பக்கம் சாயும். எதிர்ப்பல் நீண்டு இறங்கும். அந்தப் பக்கத்தால் மெல்ல முடியாமல் ஒரு பக்கமாகவே மெல்லுவோம். பிறகு கட்டுப்பல்லோ, வேறு பல்லோ வைக்கப் போனால் அதற்கும் பணம் வேண்டும். பிடுங்கிய அன்று மிச்சமானது பின்னால் வட்டியோடு போகலாம். இரண்டு கணக்கையும் அறிந்த பிறகு, "என் நிலைமைக்குப் பிடுங்குவதே சரி" என்று நீங்கள் முடிவெடுத்தால் அதில் குற்றமே இல்லை. தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்; அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் உறுதி. மலிவாகச் செய்கிறேன் என்று வீட்டில் வைத்துப் பல் வேலை செய்பவர்களிடம் போகாதீர்கள். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துப் போங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

பள்ளிக்குப் பல் பரிசோதனைக் குழுவினர் வரும்போதெல்லாம் நான் காண்கின்ற ஒரு சங்கடம் உண்டு. ஏறக்குறைய ஆறு வயதில் பிள்ளைகளுக்குப் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. இதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. சத்தமில்லாமல் பின்னாலிருந்து வருகிறது. அதனால் பெற்றோர்கள் இதையும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். நான்காம் ஆண்டு மாணவனுக்கு அந்தப் பல்லில் குழி விழுந்து, அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் சுருண்டு கிடக்கிறான். தகவல் சொல்லி அனுப்பினால், "விழுந்து முளைக்கும் சார்!" என்று பதில் வருகிறது.

அம்மா, அது விழுந்து முளைக்காது. அறுபது வயதில் அவன் சோறு மெல்ல வேண்டிய பல் அது. அந்த வயதில் வேரின் நுனி இன்னும் முழுதாக வளர்ந்து மூடாமல் இருக்கலாம். சீக்கிரமாகக் கொண்டுபோனால் கெட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சக் கூழை உயிரோடு வைத்து, வேரை வளரவிடும் சிகிச்சைக்கும் வழியுண்டு. தாமதித்தால் அந்த வழி அடைபடும். பத்து வயதுப் பிள்ளையின் நிலையான பல்லைப் பிடுங்கச் சொல்லுமுன், காப்பாற்ற முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

கன்னத்து வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்கடியில் கழுத்தை நோக்கியோ பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தால், மூச்சு முட்டினால், வீக்கத்தோடு காய்ச்சல் அடித்தால், தேதிக்காகக் காத்திராதீர்கள். இரவோ பகலோ, உடனே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல்லில் தொடங்கிய கிருமி மூச்சுக்குழலை அடைத்து உயிரையே வாங்கிவிடக்கூடும். கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு விடியட்டும் என்று படுத்துக்கொள்ளும் நேரம் அது இல்லை.

வாசகர்களே, பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. பல்லைக் காக்கவும் நமக்கு இருக்கும் முதல் கருவி சொல்தான். அடுத்த முறை அந்த நாற்காலியில் உட்காரும்போது, "பிடுங்கிடுங்க" என்பதற்கு முன்னால், "இதைக் காப்பாத்த முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். மலாயில் கேட்க வேண்டுமானால், "போலே ராவாத்தான் ஆகார், டாக்டர்?" என்றால் போதும். முடியாது என்று அவர் சொன்னால் பிடுங்கிக்கொள்ளலாம். அதற்கு எப்போதும் வழி இருக்கிறது. பிடுங்கிய பல்லைத் திரும்ப நடுவதற்குத்தான் வழி இல்லை.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் உங்கள் பள்ளி ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள். வேலை இல்லாத நேரமாக இருந்தால் வராமலா போய்விடுவார்?